எரிவாயுச் செலவு ஏன் ஏறிற்று?

 

குடும்பக் கணக்குப் புத்தகத்தில் அரிசி, பருப்பு, பால், பள்ளிக் கட்டணம் எல்லாம் வழக்கம்போல் இருக்க, எரிவாயுவுக்கான ஒரு வரி மட்டும் மூன்று மடங்காகவும் நான்கு மடங்காகவும் உயர்ந்து நிற்பதைக் கண்டு திகைக்கும் இல்லத்தரசியர் பலர் உண்டு. பழைய ஏஜென்சியை விட்டுப் புதிய ஏஜென்சிக்கு மாறிய மாதத்தில்தான் இந்தத் திகைப்பு பெரும்பாலும் நேருகிறது. சிலிண்டர் உரிய காலத்தில் வருவதில்லை என்று மாறினால், இப்போது செலவே தாங்க முடியாததாகிவிட்டதே என்று மனம் வெதும்புகிறது. வளைகுடா நாட்டில் உழைத்துப் பணம் அனுப்புகிறவர் கணக்குக் கேட்கும்போது விடை சொல்லத் தெரியாத மனைவி, சிக்கனம் அறியாதவள் என்ற பெயரைச் சுமக்க நேரிடுகிறது. தவறு செய்யாதவர் பழி ஏற்பது சிறிய செய்தியன்று. எனவே இந்த மாதம் எரிவாயு ரசீதைச் சற்று நிதானமாகப் படித்துப் பார்ப்போம்.

விருத்தாசலத்துக்கு அருகே, கம்மாபுரம் வட்டாரத்தில் வாழும் நமக்கு எரிபொருள் கணக்கு புதிதன்று. விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளில், ஒரு முறை சூளை வேக எவ்வளவு எரிபொருள் செலவாயிற்று என்று கணக்குப் பார்க்காமல் எவரும் தொழில் நடத்த இயலாது. நம் அன்னையரும் விறகை எடை போட்டு வாங்கினார்கள். மண்ணெண்ணெயை லிட்டர் அளவையில் கண்ணெதிரே பெற்றார்கள். பழுப்பு நிலக்கரியிலிருந்து நெய்வேலியில் செய்யப்பட்ட ‘லெகோ’ கரியும் ஒரு காலத்தில் நிறுத்துத்தான் விற்கப்பட்டது. உருளைக்குள் அடைபட்ட எரிவாயுவோ கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆதலால் அளவை மறந்து தொகையை மட்டும் பார்க்கும் பழக்கம் நம்மிடம் வந்துவிட்டது. குழப்பத்தின் வேர் இதுவே.

எரிவாயு ரசீதைக் கையில் எடுத்ததும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை கிலோ எரிவாயு வந்தது? ஒரு கிலோ என்ன விலை? எரிவாயுவுக்கன்றி வேறு எவற்றுக்குப் பணம் கொடுத்தோம்? இம்மூன்றையும் பிரித்துவிட்டால் பாதிக் கலக்கம் தீர்ந்துவிடும்.

மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். கம்மாபுரத்தில் ஒரு குடும்பம் 2025 ஏப்ரல் நடுவில் வேறொரு நிறுவனத்தின் ஏஜென்சியில் புதிய இணைப்புப் பெற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். 14.2 கிலோ உருளைக்கு வைப்புத்தொகை 2200 ரூபாய். ரெகுலேட்டருக்கு 250 ரூபாய். 2022 ஜூன் 16 வரை இவை முறையே 1450 ரூபாயும் 150 ரூபாயுமாக இருந்தன. உருளையின் விலைக்குச் சென்னை விலையையே எடுத்துக்கொள்வோம். அப்போது அது 868 ரூபாய் 50 காசு. ஆக மொத்தம் 3318 ரூபாய் 50 காசு. ரப்பர் குழாய், இணைப்புக் கட்டணம் ஆகியவை இதற்கு மேல். முந்திய மாதம் 818 ரூபாய் 50 காசு மட்டுமே கொடுத்த குடும்பத்துக்கு இது நான்கு மடங்குக்கு மேலாகத் தோன்றும்.

ஆனால் உண்மையில் ஏறிய செலவு எவ்வளவு? வைப்புத்தொகை செலவன்று. அது நிறுவனத்திடம் நாம் ஒப்படைத்த அமானத். இணைப்பைத் திருப்பிக் கொடுக்கும் நாளில், உருளையும் ரெகுலேட்டரும் நல்ல நிலையில் இருந்தால் நமக்குத் திரும்ப வேண்டிய பணம். அதற்குச் சான்று இணைப்புப் பத்திரம். நிலப்பத்திரத்தோடு சேர்த்து வைக்க வேண்டிய அந்தத் தாளைச் சமையலறை அலமாரியில் எண்ணெய்க் கறை படிய விட்டுவிடுகிறோம். பழைய ஏஜென்சியில் கட்டிய வைப்புத்தொகையைத் திரும்பப் பெறாமலே புதிய இடத்தில் மீண்டும் கட்டியவர்களும் உண்டு. பத்து, இருபது ஆண்டுகளுக்கு முன் கட்டியிருந்தால், அன்று கட்டிய தொகைதான் திரும்பக் கிடைக்கும். ஆயினும் அது உங்கள் பணம், கேட்டுப் பெறுங்கள்.

மேற்சொன்ன கணக்கில் எரிவாயுவுக்காகக் கூடியது 50 ரூபாய் மட்டுமே. அதுவும் ஏஜென்சி மாறியதால் வந்ததன்று. 2025 ஏப்ரல் 8-ஆம் நாள் நாடெங்கும் வீட்டு உருளையின் விலை 50 ரூபாய் உயர்த்தப்பட்டது. சென்னையில் 2023 மார்ச்சில் 1118 ரூபாய் 50 காசாக இருந்த உருளை, அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் 200 ரூபாய் குறைந்தது. 2024 மார்ச்சில் மேலும் 100 ரூபாய் குறைந்தது. அதன் பிறகே இந்த உயர்வு. இத்தகைய மாற்றம் நீங்கள் ஏஜென்சி மாறிய மாதத்தில் வந்து சேர்ந்தால், பழி புதிய ஏஜென்சியின் தலையில் விழுகிறது. எனவே பழைய ரசீதின் தேதியையும் புதிய ரசீதின் தேதியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். போக்குவரத்துச் செலவால் ஊருக்கு ஊர் விலை சிறிது வேறுபடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஏஜென்சியை மாற்றுவதற்கு ஒவ்வொரு முறையும் புதிய இணைப்பு வாங்க வேண்டும் என்பதும் இல்லை. இணைப்பை மாற்றிக்கொள்ளும் வசதி 2013 அக்டோபரில் 24 நகரங்களில் சோதனையாகத் தொடங்கி, 2014 ஜனவரியில் 480 மாவட்டங்களுக்கு விரிவாக்கப்பட்டது. ஒரே நிறுவனத்தின் வேறொரு ஏஜென்சிக்கு மாறுவதென்றால் உருளையும் ரெகுலேட்டரும் உங்களிடமே இருக்கும். புதிய வைப்புத்தொகை தேவையில்லை. வேறு நிறுவனத்துக்கு மாறும்போது மட்டும் பழைய உருளையையும் ரெகுலேட்டரையும் ஒப்படைக்க வேண்டும். அப்போது உருளையில் எரிவாயு மீதமிருந்தால் இழப்பு உங்களுக்கே. தீர்ந்த பின் ஒப்படைப்பதே அறிவுடைமை.

இன்னொரு காரணமும் உண்டு. மத்திய அரசின் உஜ்வலா திட்டத்தில் இணைப்புப் பெற்ற சகோதரிகளுக்கு 2023 அக்டோபர் முதல் உருளைக்கு 300 ரூபாய் மானியமாக வங்கிக் கணக்கில் சேர்ந்து வந்தது. 2025-26 நிதியாண்டில் இது ஆண்டுக்கு 9 உருளைகளுக்கு என்று வரையறுக்கப்பட்டது. இணைப்பு மாறும்போது ஆதார் எண்ணோ வங்கிக் கணக்கோ சரியாக இணைக்கப்படாவிட்டால், முழு விலையையும் கொடுத்துவிட்டு, மானியம் வராமல் நிற்க நேரிடும். ரசீதில் ஒரு காசும் கூடியிருக்காது. எனினும் குடும்பத்துக்கு 300 ரூபாய் இழப்பு. ஆகவே இணைப்பு மாறிய பின் வரும் முதல் இரண்டு உருளைகளுக்கு வங்கிப் புத்தகத்தைப் பதிவு செய்து பாருங்கள்.

இனி அளவுக்கு வருவோம். 868 ரூபாய் 50 காசை 14.2 ஆல் வகுத்தால் ஒரு கிலோ ஏறத்தாழ 61 ரூபாய். உருளை ஒரு கிலோ குறைவாக வந்தால், விலை உயராமலே 61 ரூபாய் உயர்ந்துவிட்டது என்று பொருள். ஒவ்வோர் உருளையின் மேற்பகுதியிலும் அதன் வெற்று எடை எழுதப்பட்டிருக்கும். அது 15.3 கிலோ என்றிருந்தால், நிரம்பிய உருளை 29.5 கிலோ இருக்க வேண்டும். கொண்டு வருபவரை எடை போட்டுக் காட்டச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. கேட்பது மரியாதைக் குறைவன்று. அளவையில் குறைவு செய்வோரைக் குறிக்கும் சொல்லே திருக்குர்ஆனின் 83-ஆம் அத்தியாயத்துக்குப் பெயராக அமைந்திருப்பதை அறிந்த சமுதாயம் நாம். “தம்பி, கொஞ்சம் எடை போட்டுக் காட்டுங்கள்” என்று இன்முகத்தோடு கேட்டால் போதும். மூடியின் முத்திரை பிரிக்கப்படாமல் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

வீட்டு வாசலில் கொண்டுவந்து தருவதற்கான கூலி உருளையின் விலையிலேயே அடங்கியுள்ளது. ரசீதில் உள்ளதற்கு மேல் 50 ரூபாய் கொடுத்தால், மேற்சொன்ன விலைப்படி முக்கால் கிலோவுக்கு மேல் எரிவாயுவை இழந்ததற்குச் சமம். ஆண்டுக்குப் பத்து உருளை என்றால் 500 ரூபாய். மாடிப்படி ஏறிச் சுமந்து வருகிற உழைப்பாளிக்கு மனமுவந்து கொடுப்பது நற்செயலே. ஆனால் அதை எரிவாயுச் செலவில் எழுதாதீர்கள். தனி வரியில் எழுதுங்கள். கட்டாயப்படுத்திக் கேட்டால் ஏஜென்சியில் முறையிடலாம். எரிவாயு நிறுவனங்களின் 1800 2333 555 என்ற கட்டணமில்லா எண்ணிலும் சொல்லலாம். புதிய இணைப்போடு அடுப்பையும் தங்களிடமே வாங்க வேண்டும் என்று எந்த ஏஜென்சியும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

எடையும் விலையும் சரியாக இருந்தும் உருளை முன்பைவிட விரைவில் தீர்ந்தால், காரணம் வீட்டுக்குள் இருக்கிறது. ரமலானில் ஸஹருக்கும் இஃப்தாருக்கும் அடுப்பு கூடுதலாக எரிந்திருக்கலாம், விருந்தினர் வந்திருக்கலாம். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடித்தால் பர்னரைத் துப்புரவு செய்ய வேண்டும். புதிய ரெகுலேட்டர் சரியாகப் பொருந்தாமல் கசிகிறதா என்பதைச் சோப்பு நுரை தடவிப் பாருங்கள்; தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து. கசிவு என்று தெரிந்தால் அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, மின்விசைகளைத் தொடாமல் வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

உருளையை விட்டுக் குழாய் எரிவாயுவுக்கு மாறுவோருக்கும் இதே திகைப்பு காத்திருக்கிறது. கடலூர், நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்கள் குழாய் எரிவாயு வழங்குவதற்கான ஒரே பகுதியாக 2018-இல் ஒதுக்கப்பட்டன. எனவே நம் வட்டாரத்தாரும் இதை அறிந்து வைப்பது நல்லது. குழாய் எரிவாயு கிலோவில் அன்று, கன மீட்டரில் அளக்கப்படுகிறது. 14.2 கிலோ உருளை தரும் வெப்பத்தைப் பெற ஏறத்தாழ 18 கன மீட்டர் வேண்டும். 868 ரூபாய் 50 காசை 18 ஆல் வகுத்தால் 48 ரூபாய் சொச்சம். ஒரு கன மீட்டர் இதற்குக் குறைவாகக் கிடைத்தால்தான் இலாபம். அதோடு, பில் பெரும்பாலும் இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை வரும். 1700 ரூபாய் பில்லைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மேற்சொன்ன விலைப்படி அது இரண்டு உருளைகளின் விலைக்குக் கிட்டத்தட்டச் சமம். ஆனால் மீட்டரைப் பாராமல் உத்தேசமாகப் பில் போட்டிருந்தால், அடுத்த பில்லில் விடுபட்டது சேர்ந்து வரும். பில்லில் உள்ள எண்ணும் வீட்டு மீட்டரில் உள்ள எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

இங்கிலாந்தில் பிள்ளைகள் வாழும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அங்கே ஒரே குழாயில் வரும் எரிவாயுவுக்கே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம். மாறும் நாளில் மீட்டரில் இருந்த எண் தவறாகப் பதிவானால், பழைய நிறுவனத்துக்குக் கொடுத்ததையே புதிய நிறுவனத்துக்கும் கொடுக்க நேரிடும். அன்றைய எண்ணைப் படம் பிடித்து வைத்தால் வழக்கே இல்லை. பழைய மீட்டர்கள் நூறு கன அடி கணக்கிலும், புதியவை கன மீட்டர் கணக்கிலும் அளக்கின்றன. முன்னதன் ஒரு அலகு பின்னதன் 2.83 அலகுக்குச் சமம். கன மீட்டர் மீட்டரைக் கன அடி மீட்டர் என்று பதிந்துவிட்டால் பில் ஏறத்தாழ மூன்று மடங்காகும். நிறுவனத்தின் தவறால் பில் தாமதமானால், 12 மாதங்களுக்கு முந்திய பயன்பாட்டுக்குப் பணம் கேட்கக் கூடாது என்ற விதி அங்கே 2018 முதல் உள்ளது. பிள்ளைகளுக்கு எழுதும்போது இதையும் எழுதுங்கள்.

நிறைவாக ஒன்று. ஒரு சிறிய குறிப்பேட்டை வாங்கி, உருளை வந்த நாள், எடை, கொடுத்த விலை, மாட்டிய நாள், தீர்ந்த நாள் ஆகிய ஐந்தை மட்டும் எழுதி வாருங்கள். மேற்சொன்ன 2025 ஏப்ரல் விலைப்படி, 30 நாள் வரும் உருளைக்கு நாளொன்றுக்குச் செலவு 29 ரூபாய். அதே உருளை 27 நாளில் தீர்ந்தால் 32 ரூபாய். மூன்று உருளைகளின் கணக்கு கையில் இருந்தால், விலை ஏறியதா, எடை குறைந்ததா, நம் அடுப்பு அதிகம் எரிந்ததா என்பதை நீங்களே சொல்லிவிடலாம். ஏஜென்சியில் முறையிடப் போனாலும், வீட்டில் பதில் சொல்ல வேண்டியிருந்தாலும், எழுதி வைத்த கணக்கு உங்களுக்காகப் பேசும்.