மின்சார மோட்டாரும் பழுதுச் செலவும்

சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் பெருஞ்சாலையில் உள்ளது சின்னசேலம். மரவள்ளி மூட்டை ஏற்றிய லாரி அங்கே நடுவழியில் நின்றுபோனால், கையில் கரி படிந்த தொழிலாளி ஒருவன் வந்து அரை நாளில் அதை ஓட்டிவிடுவான். சென்ற வாரம் அவ்வூர் அன்பர் ஒருவர் நமக்கு எழுதியுள்ள கடிதம் வேறு கதை சொல்லுகிறது. அவர் வாங்கி நான்கு வருஷமும் ஆகாத மின்சாரக் கார், யாதொரு முன்னறிவிப்புமின்றி வீட்டு வாசலிலேயே உயிரற்றுக் கிடந்ததாம். பெரிய பாட்டரியில் மின்சாரம் நிறைந்திருந்தும் கதவுகூடத் திறக்கவில்லை. வண்டியைச் சேலத்துக்கு ஏற்றிச் சென்ற கூலி ஒருபுறமிருக்க, மாற்று உறுப்பு வருவதற்கு ஆறு வாரம் காத்திருந்து, இறுதியில் அவர் செலுத்திய தொகை ஒரு ஜோடி நல்ல உழவு மாட்டின் விலைக்குக் குறையவில்லை. கம்பெனியின் பெயரை வெளியிட வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறபடியால் அதை விடுகிறோம். பெயர் முக்கியமுமன்று, இது ஒரு கம்பெனியை மட்டும் பற்றிய பிணியல்ல.

மின்சாரக் காரில் பாட்டரிகள் இரண்டு உண்டென்பதை வாங்குவோரிற் பலர் அறியார். சக்கரத்தைச் சுழற்றுவது பெரிய பாட்டரி. விளக்கு, பூட்டு, கணிப்பொறி ஆகியவற்றை இயக்குவது, நாம் பழைய கார்களிற் கண்டுள்ள பன்னிரண்டு வோல்ட் சிறு பாட்டரி. பெரியதிலிருந்து சிறியதற்கு மின்சாரத்தைத் தாழ்த்தி வழங்கும் கருவி கெட்டுவிட்டால் சிறு பாட்டரி வற்றிவிடும். அது வற்றினால் பெரிய பாட்டரியில் எவ்வளவு இருந்தும் பிரயோஜனமில்லை. ஏரி நிறைய நீர் இருந்தும் மதகு அடைபட்ட கதைதான்.

இது கற்பனையன்று. ஹூண்டாய், கியா ஆகிய கொரியக் கம்பெனிகளின் புதுவகை மின்சாரக் கார்களில் இந்தக் கருவியே உலகெங்கும் தொல்லை கொடுத்தது. 2024-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அமெரிக்காவில் மட்டும் ஹூண்டாய் 98,878 வண்டிகளைத் திரும்ப அழைத்தது; அவ்வருஷம் நவம்பரிலேயே அதே கருவிக்காக 1,45,235 வண்டிகளை அழைக்க நேர்ந்தது. நம் நாட்டிலும் 2024 ஜூனில் 1,744 ஐயானிக் 5 வண்டிகள் அழைக்கப்பட்டன. இவ்வண்டி நமது ஸ்ரீபெரும்புதூரையடுத்த தொழிற்சாலையில் பூட்டப்படுவது. 2023 ஜனவரியில் விற்பனைக்கு வந்தபோது விலை 44.95 லட்சம் ரூபாய். கியாவும் அவ்வருஷம் 1,138 வண்டிகளையும், 2025 பிப்ரவரியில் 1,380 வண்டிகளையும் அழைத்தது. குறையை ஒப்புக்கொண்டு இலவசமாகச் சரிசெய்ய முன்வந்ததைப் பாராட்டுகிறோம். குறையை மறைக்கும் வியாபாரியைவிட இவர்கள் மேல். ஆனால் உத்தரவாதக் காலம் கழிந்தபின், திரும்ப அழைக்கும் பட்டியலிலும் சேராத வண்டிக்காரனின் கதி என்ன?

செலவின் வேர் பாட்டரியில் இருக்கிறது. காரின் விலையில் மூன்றிலொரு பங்கு அதற்கே என்றாலும் மிகையாகாது. பெரும்பாலான கம்பெனிகள் அதற்கு எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை உத்தரவாதமளிப்பது நல்லதே. அதற்கப்புறம்? இங்கே சர்க்காரின் விந்தையான கணக்கையும் சொல்லவேண்டும். மின்சாரக் கார் மீது சரக்கு வரி 2019 ஆகஸ்டு முதல் ஐந்து சதவிகிதம். அதே காருக்கு மாற்று பாட்டரி வாங்கப் போனால் வரி பதினெட்டு சதவிகிதம்! வாங்குகிறவனை வருந்தி அழைத்து, வாங்கியவனைத் தண்டிக்கும் இந்த நியாயம் எந்தச் சாஸ்திரத்தில் உள்ளதோ நாம் அறியோம்.

மின்சார வண்டிக்கு நாம் விரோதியல்ல. எஞ்சின் எண்ணெயில்லை, புகையில்லை, தேயும் உறுப்பும் குறைவு. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் ஸ்கூட்டர்கள் செய்கிறோம். 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாம் கம்பெனியின் கார்ச்சாலையும் திறந்தாயிற்று. வண்டி இங்கே பிறக்கிறது. அதன் வைத்தியம் மட்டும் கம்பெனியின் பூட்டிய அறைக்குள் இருக்கிறது. கணிப்பொறியின் இரகசியத் திறவுகோல் கிடைக்காததால் சின்னசேலத்துத் தொழிலாளி கைகட்டி நிற்கிறான். உயர்ந்த அழுத்த மின்சாரத்தில் கை வைப்பது உயிருக்கு ஆபத்து என்று கம்பெனியார் சொல்வது மெய்யே. அதற்குப் பரிகாரம் பயிற்சியளிப்பதா, பூட்டி வைப்பதா? பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய சர்க்கார் 2022 டிசம்பரில் ஓர் இணையத்தளம் திறந்தார்கள். தளம் சட்டமாகாது. உதிரி உறுப்பின் விலையையும் பழுதறியும் முறையையும் வெளியிடும்படி கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தும் சட்டம் வேண்டும்; கள்ளக்குறிச்சி போன்ற ஜில்லாக்களின் தொழிற்பயிற்சி நிலையங்களில் இவ்வித்தை கற்பிக்கப்படவும் வேண்டும்.

இருக்கிற சட்டத்தையேனும் ஜனங்கள் உபயோகிக்கட்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 110-ஏ பிரிவின்படி, அபாயகரமான குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி சர்க்காரே உத்தரவிடலாம். முழு விலையைத் திருப்பிக் கொடுக்கவோ, மாற்று வண்டி தரவோ, பழுதைச் சரிசெய்து கொடுக்கவோ கம்பெனி கட்டுப்பட்டது. புகார் செய்த சொந்தக்காரர்களின் தொகையும் அதற்கு ஆதாரமாகுமாதலால், தனியே முணுமுணுப்பதிற் பயனில்லை. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, வாதி தாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க அனுமதிக்கிறது. கம்பெனி எங்கேயிருந்தாலும் சரி. கொடுத்த விலை ஐம்பது லட்சத்துக்கு மேற்படாவிட்டால் ஜில்லா கமிஷனே விசாரிக்கும். வக்கீல் வைப்பதும் கட்டாயமன்று (நமது தொழிற்சகோதரர்கள் மன்னிப்பார்களாக).

நமது அன்பர் பில்லுகளையும், வண்டியை ஏற்றிச் சென்ற ரசீதையும் பத்திரமாக வைத்திருக்கிறார். ஆறு வாரத் தாமதத்தைப் பற்றிக் கம்பெனியிடமிருந்து எழுத்து மூலமாக ஒரு பதில் வாங்கிவிட்டால் அவருடைய மனு பூர்த்தியாகும்.