மழை மேல் பழி போடாதீர்கள்!

வானம் கறுத்தால் கலெக்டர் ஆபீசிலிருந்து இரண்டு அறிவிப்புகள் வருகின்றன. ஒன்று, பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. மற்றொன்று, தேவையின்றி யாரும் வெளியே வர வேண்டாம் என்ற புத்திமதி.

நல்ல புத்திமதிதான். ஆனால் யாருக்கு? ராசிபுரத்திலும் வெண்ணந்தூரிலும் தறி ஓட்டும் தொழிலாளிக்கா? ஜவ்வரிசி ஆலைத் தொழிலாளிக்கா? சேலத்துக் கடைகளில் நாள் முழுவதும் நின்றுவிட்டு, இரவில் ஊர் திரும்பும் பெண்களுக்கா? வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. அவர்களை வெளியே வரச் சொல்வது வயிறு. அந்த வயிற்றுக்கும் ஓர் அறிவிப்பு போட்டிருக்கலாமே!

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை. நிறுத்தியிருந்த வண்டிகள் வெள்ளத்தில் உருண்டோடின. சேலத்தில் திருமணிமுத்தாறு கரை புரண்டது. அத்தனை மழையை எந்தச் சாக்கடையும் தாங்காது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஒரு மணி நேர மழைக்கே முழங்கால் ஆழம் நிற்கிறதே, அதற்கும் புயல்தான் காரணமா? ஏரிக்குப் போகும் ஓடையை அடைத்து மனைப்பிரிவு போட அனுமதித்தது மழையா, மனிதனா?

பார்த்து ஓட்ட வேண்டாமா என்று கேட்பார்கள். கலங்கல் தண்ணீருக்கு அடியில் இருப்பது சாலையா, மூடியில்லாத சாக்கடையா என்று யாரால் பார்க்க முடியும்? தண்ணீரில் நின்றுபோன மொபெட்டை மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் என்ஜினுக்குள் போகிறது. கனெக்டிங் ராடு வளைகிறது. கட்டாய மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இதற்கு ஒரு காசும் தராது. பல நாள் கூலி மெக்கானிக்கிடம் போகிறது.

அகல ரயில் பாதைகளில் ஆளில்லா கேட்டுகளை ஒழித்துவிட்டோம் என்று 2019 ஜனவரியில் ரயில்வே இலாகா பெருமைப்பட்டது. ஒழித்தது நல்லதே. ஆனால் பல இடங்களில் அதற்குப் பதிலாகத் தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப்பாதை தோண்டினார்கள். பள்ளத்தைத் தேடித் தண்ணீர் வரும் என்பது ஆடு மேய்க்கும் சிறுவனுக்கும் தெரியும். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில், அப்படித் தேங்கிய தண்ணீரில் கார் சிக்கி ஓர் அரசு டாக்டர் மூழ்கி இறந்தார். காரில் வந்தவருக்கே இந்தக் கதி!

வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்து வேலை விபத்தே என்று இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010இல் சேர்த்தார்கள். 1923ஆம் ஆண்டு நஷ்ட ஈட்டுச் சட்டத்துக்கும் அது பொருந்தும்; ஆனால் வேலைக்கும் விபத்துக்கும் உள்ள தொடர்பை நிரூபிக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2025 ஜூலை 29இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் இறந்தவர் மகாராஷ்டிரத்துச் சர்க்கரை ஆலைக் காவலாளி. அவர் வேலைக்குப் போகும் வழியில் இறந்தது 2003இல். குடும்பம் 22 ஆண்டுகள் காத்திருந்தது! 2025 நவம்பரில் அமலான சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமை எழுதப்பட்டிருக்கிறது.

ஏட்டில் எழுதிய சர்க்கரை இனிக்குமா? பத்துப் பேருக்குக் குறைவான தறிப் பட்டறைக்கு இ.எஸ்.ஐ. கட்டாயமில்லை. வருகைப் பதிவேட்டில் பெயரே இல்லாதவன், வேலை முடிந்து திரும்பினேன் என்பதை எதைக் காட்டி நிரூபிப்பான்?

ஆகவே நாம் கேட்பது சலுகையல்ல. வெள்ள எச்சரிக்கை நாட்களில் சம்பளத்தோடு விடுமுறை வேண்டும். ஒவ்வொரு பட்டறையிலும் பதிவேட்டில் பெயர் வேண்டும். சேலம்–கரூர் பாதையின் ஒவ்வொரு சுரங்கப்பாதையிலும் நீர்மட்ட அளவுகோலும், ஓடும் பம்பும், தண்ணீர் ஏறியவுடன் வழியை மூட ஓர் ஆளும் வேண்டும். ஓடைகளை அடைத்தவர்களின் பட்டியலை நகராட்சி வெளியிட வேண்டும்.

மழை வரும், போகும். தண்ணீர் வடிந்ததும் கோரிக்கையும் வடிந்துவிடும் என்று அதிகாரிகள் காத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கைப் பொய்யாக்குவோம், தோழர்களே! வெயில் அடிக்கும்போதே கேட்போம்!