வெள்ளைத் திட்டும் சிறு உட்கருவும்

காரம் ஆகவில்லை என்று தொடங்கி, ரசஞ்சாதங்கூட எரிகிறது என்னும் நிலைக்கு வந்து, கடைசியில் ஆறாத புண்ணோடு ஆஸ்பத்திரிப் படியேறுகிறவர்களைப் பார்க்கும்போது, கண்ணாடியின் முன் வாயைத் திறந்தாலே பூர்வாங்க அடையாளங்கள் புலப்பட்டுவிடக்கூடிய ஒரு வியாதியில் இத்தனை பேர் முற்றிய பிறகே வருவானேன் என்ற வியப்பு எழாமற் போகாது. நம் தேசத்தில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வாய்ப்புற்று புதிதாகக் காண்கிறது. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்று விளைவிப்பதே என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் வெளியிட்ட நூலிலேயே அறுதியிட்டுவிட்டது. வெற்றிலைச் செல்லத்தைக் குலதனம்போல் காப்பவர்களுக்கு இது உவப்பான செய்தியல்ல.

பூர்வாங்க அடையாளமாகக் கண்ணுக்குத் தெரியும் வெள்ளைத் திட்டுக்கும் முற்பட்ட நிலை ஒன்று உண்டு. கன்னத்து உட்படலத்தின் அடித்தளச் செல்கள் பிரிந்து பெருகும்போது, பாக்கும் புகையிலையும் டி.என்.ஏ.வில் உண்டாக்கிய முறிவினால் குரோமோசோமின் துண்டு ஒன்று பின்தங்கிவிட்டால், அது பிரதான உட்கருவின் பக்கத்திலேயே தனியொரு சிறு உட்கருவாகத் திரண்டுகொள்கிறது. அந்தச் செல் இரண்டொரு வாரங்களில் மேற்பரப்பை அடைந்து உதிரும்போது, நடந்த சேதத்தின் சாட்சியையும் சுமந்தே வருகிறது. 1980களின் தொடக்கத்தில் கனடாவின் ஹான்ஸ் ஸ்டிச்சும் அவருடைய சகாக்களும் புகையிலையும் வெற்றிலைபாக்கும் மெல்லுவோரிடம் இதை எண்ணிக் காட்டினார்கள். வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, மரக்குச்சியால் கன்னத்தை லேசாக வழித்து, கண்ணாடித் தகட்டில் பூசி, டி.என்.ஏ.வை மாத்திரம் பற்றும் ஃபியூல்ஜன் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால், அகன்று வெளிறிய செல்லின் நடுவே உட்கருவும், அதனருகே அதன் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத செந்நிறப் பொட்டு ஒன்றும் தெரியும். ஆயிரம் செல்களைப் பார்த்தால் இப்படிச் சில அகப்படும். (சாதாரண ஜீம்சா சாயத்தோடு திருப்தியடைந்தால், பாக்டீரியாவும் கெரட்டின் துணுக்கும் பொட்டாக வேஷம் போட்டு எண்ணிக்கையை ஏற்றிவிடும்.) முறிந்த டி.என்.ஏ.வை மின்புலத்தில் இழுத்து வால்நட்சத்திர உருவில் காட்டும் காமெட் பரிசோதனை இதனினும் நுட்பமானதுதான். ஆயினும் அதற்கு உயிருள்ள செல்கள் வேண்டும், கன்னத்தில் வழித்தெடுப்பவற்றிலோ பெரும்பகுதி செத்தவை.

இத்தனை சௌகரியமான பரிசோதனையைப் புற்றுநோய் நிர்ணயம் என்று விளம்பரப்படுத்துவதில் எனக்குச் சம்மதமில்லை. ஃபோலேட் சத்துக் குறைந்தாலும், எக்ஸ்ரே கதிர் பட்டாலும் பொட்டுகள் கூடும். புற்று உண்டா இல்லையா என்று சொல்லும் அதிகாரம் சதையை வெட்டியெடுத்துப் பார்க்கும் பயாப்ஸிக்கே உரியது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய பெரும் ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாய்ச் சென்று வாயைத் திறந்து பார்த்ததனால் மட்டுமே, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்ததென்று 2005-இல் லான்செட் சஞ்சிகையில் வெளிவந்தது. ஆகவே முதலில் வேண்டுவது பார்ப்பதே. பார்க்கத் தொடங்கினால் திட்டுகள் ஏராளமாகத் தென்படும். அவற்றிற் பெரும்பாலானவை புற்றாக மாறாதவை. மாறப்போகிற சிலவற்றை முன்கூட்டிப் பிரித்தறியச் சிறு உட்கரு உதவுமா என்பதே பெறுமதியுள்ள கேள்வி.

நம் பல் மருத்துவக் கல்லூரிகளில் எழுதப்படும் ஆய்வேடுகளோ, சிறு உட்கரு மெல்லுகிறவருக்கு அதிகம், மெல்லாதவருக்குக் குறைவு என்று தெரிந்த விஷயத்தையே திரும்பத் திரும்ப நிரூபித்து அலமாரியில் அமர்ந்துவிடுகின்றன. ஒரே மனிதரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து, அவருடைய சிறு உட்கருக்களின் எண்ணிக்கை ஏறியதா, பழக்கத்தை விட்டபின் இறங்கியதா, திட்டு என்னவாயிற்று என்று பார்ப்பவர்களே வேண்டும். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வாசற்படிக்கே வருகிறது. அந்த ஊழியரிடம் ஒரு டார்ச் விளக்கையும் மரக்குச்சியையும் கொடுத்து, தகடுகளை அருகிலுள்ள பல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவது அரசுக்குப் பெரிய செலவாகாது. முதுகலை மாணவர் மூன்றாண்டில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆகையால் இந்த எண்ணிக்கைகளை ஆண்டுதோறும் குறித்துவைக்கும் பதிவேடு மாணவர் பொறுப்பில் இராமல் சுகாதாரத் துறையின் பொறுப்பில் இருக்க வேண்டும்.