நிறுத்த ஒன்று, கொல்ல ஒன்று

நொச்சிக்குப்பம் ஹவுசிங் போர்டு ஆகட்டும், மயிலாப்பூர் அபார்ட்மென்ட் ஆகட்டும், குழந்தைக்கு வயிற்றால் போனால் நாம் முதலில் போய் நிற்கிற இடம் மெடிக்கல் ஷாப்.

'அண்ணே, புள்ளைக்குக் காலைலேர்ந்து பேதி. நிக்கற மாதிரி ஏதாச்சும் குடுங்க.'

கத்தரிக்கோல் இரண்டு அட்டைகளிலிருந்து மாத்திரை வெட்டுகிறது. பேதியை நிறுத்த ஒன்று, கிருமியைக் கொல்ல ஒன்று. டாக்டர் சீட்டு? அதை யார் கேட்டார்கள்!

இரண்டுமே வம்பு. முதலில், கொல்லும் மாத்திரை.

2000-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஓர் எலிச் சோதனையை வெளியிட்டார்கள். ஷிகா என்கிற விஷத்தைச் சுரக்கும் ஈ.கோலை பாக்டீரியாவை எலிகளின் குடலில் குடியேற்றி, சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்தார்கள். மலத்தில் கிருமி குறைந்தது. விஷம் எக்கச்சக்கமாகக் கூடியது. எலிகள் செத்தன. ஃபாஸ்ஃபோமைசின் என்ற வேறு மருந்து கொடுத்த எலிகளுக்கு இந்தக் கதி இல்லை.

எப்படி? அந்த விஷத்துக்கான ஜீன் பாக்டீரியாவின் சொந்தச் சரக்கல்ல. அதன் டி.என்.ஏ.வுக்குள் சத்தமில்லாமல் குடித்தனம் நடத்தும் ஒரு வைரஸுடையது. மருந்து டி.என்.ஏ.வைத் தாக்கியதும், வீடு இடியப்போகிறது என்று வைரஸ் விழித்துக்கொண்டு பெருகுகிறது. கூடவே விஷமும். கடைசியில் பாக்டீரியா வெடிக்க, அத்தனையும் குடலுக்குள்.

'எலிக்குத்தானே சார்?' என்பீர்கள். அதே 2000-ல், இந்த வகைக் கிருமி தாக்கிய குழந்தைகளைக் கவனித்த ஓர் ஆய்வில், சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிக்கல் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்குத்தான் அதிகம் வந்தது.

அடுத்தது, நிறுத்தும் மாத்திரை. லோப்பரமைடு குடலின் அசைவைக் குறைக்கிறது. வெளியே போக வேண்டிய விஷத்தை உள்ளேயே பாய் விரித்து உட்கார வைக்கிறது. ரத்தபேதிக்கு ஆகாது, சின்னக் குழந்தைக்கு ஆகவே ஆகாது.

எல்லாப் பேதியும் ஷிகா பேதி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். கடுமையான காலராவுக்கும் சிலவகைச் சீதபேதிக்கும் ஆன்டிபயாடிக் வேண்டும்தான். எந்தப் பேதி எது என்று கத்தரிக்கோலுக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். விற்கிறவர் மறந்துவிடுகிறார், வாங்குகிற நாம் படிப்பதே இல்லை.

1971-ல் பங்களாதேஷ் அகதிகள் வங்காள எல்லையில் காலராவில் மடிந்தபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது வரை போன சாவு நான்குக்கும் கீழே இறங்கியது.

ஆகவே, கடையில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 'ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கா?' மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, குழந்தை துவண்டாலோ அதற்கும் நிற்காதீர்கள். நேரே எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடியுங்கள்.