குடல் வெளியே தெரிகிறதாமே!

"ஸ்கேன்ல பிள்ளையோட குடல் வயித்துக்கு வெளியே தெரியுதாம் அக்கா!" என்று எங்கள் தெருப் பெண் அழுதாள். கிரகணத்தில் கத்தியைத் தொட்டதால்தான் என்று வீட்டில் ஏச்சு வேறு. அதெல்லாம் வீண்பேச்சு, சகோதரிகளே!

குடல் மூடாமல் வெளியே இருந்தால், மற்ற உறுப்புகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சவ்வுப்பைக்குள் இருந்தால் இருதயத்தையும் குரோமோசோமையும் பார்க்க வேண்டும்.

முதல் வகைக் குழந்தைகளில், பணக்கார நாடுகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டும், நடுத்தர நாடுகளில் 32-ம், ஏழை நாடுகளில் 90-ம் இறந்ததாக 2021-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. குறை ஒன்றேதான், கவனிப்புதான் வேறு.

ஆகவே, நம் புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண்கள், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போலக் குழந்தை அறுவை சிகிச்சை நிபுணர் இருக்கும் இடத்தில் பிரசவத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். பிறந்த சிசுவைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, வயிற்றில் சுமந்து போவதே பத்திரம்!