புது மாப்பிள்ளை எஞ்சின்!

வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளையை முதல் நாளே மூட்டை தூக்கச் சொல்வீங்களா? மாட்டீங்க. அதுக்காக மூணு மாசம் கட்டில்லயே உட்கார வெச்சு விருந்து போட்டாலும் ஆள் வீணாப் போயிடுவார். புது எஞ்சினும் அப்படித்தான். இதை எனக்குப் புரிய வெச்சது தெர்மல் இன்ஜினீயரிங் பேப்பர் இல்லை (அதுல என் மார்க்கைக் கேட்காதீங்க ப்ளீஸ்!). எங்க ஊர் நிலக்கோட்டை பூ மார்க்கெட்.

எங்க சித்தப்பா ஐப்பசியில ஒரு மினி லாரி எடுத்தார். 2005-ல டாடா ஏஸ் வந்தப்போ அதுக்கு 702 சிசி, ரெண்டே சிலிண்டர், 16 குதிரைசக்தி. 'குட்டி யானை'ன்னு பேர் வெச்சு நம்ம ஆளுங்க தத்தெடுத்துக்கிட்டாங்க. 2011-ல ஓசூர்ல இருந்து அசோக் லேலண்ட் 'தோஸ்த்' வந்துச்சு. இப்போ பூவோ காய்கறியோ, சின்ன லோடுன்னா இந்த மாதிரி வண்டிங்கதான். சித்தப்பா வண்டி எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன். மாசா மாசம் டியூ கட்டுறார், அது போதும். டியூ முடியறதுக்குள்ள எஞ்சின் வேலை வந்தா, அந்த வீட்டுல தங்கச்சியோட காலேஜ் ஃபீஸ்தான் அடிபடும்.

அதனால மனுஷன் வண்டியைக் குழந்தை மாதிரி பார்த்துக்கிட்டார். விடிஞ்சும் விடியாம மார்க்கெட்டுல மல்லி மூட்டை ஏத்துற வரைக்கும் அரை மணி நேரம் எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கும். "புது எஞ்சின்டா, நல்லா சூடேறட்டும்!" அப்புறம் டாப் கியரைப் போட்டு மாட்டுவண்டி வேகத்துல மதுரைக்கு. எஞ்சின் திணறினாலும் கியரைக் குறைக்க மாட்டார். "சத்தம் கம்மியா இருந்தா எஞ்சினுக்கு நல்லது."

ரெண்டுமே தப்பு பாஸ்!

சிலிண்டரோட உள்சுவர் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும்னு நான் ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தேன். வைவாவுல எக்ஸ்டர்னல் கேட்டு, அதையே உளறி அசிங்கப்பட்டேன். உண்மையில அங்கே வேணும்னே ஹோனிங் பண்ணி, ஒண்ணுக்கொண்ணு குறுக்கே போற மாதிரி மெல்லிய கீறல் போட்டிருப்பாங்க. கீறலுக்குள்ள ஆயில் தங்கும். கீறலோட மேடு, பிஸ்டன் ரிங்கோட உரசித் தேயும். தேய்ஞ்சு தேய்ஞ்சு ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பொருந்திப் போறதுதான் 'எஞ்சின் செட் ஆகுறது'.

ரிங்கைச் சுவரோட அழுத்துறது அதோட ஸ்பிரிங் தன்மை மட்டும் இல்லை. எரிஞ்ச வாயு ரிங்குக்குப் பின்னாடி புகுந்து தள்ளும். லோடு இருந்தாதான் அந்த அழுத்தம் வரும். சும்மா நின்னு உறுமிக்கிட்டே இருந்தா ரிங் சரியா உட்காராது. சுவர்ல தங்கின ஆயில் சூட்டுல வெந்து வார்னிஷ் மாதிரி படிஞ்சு பளபளன்னு ஆயிடும். கிளேஸிங்னு பேர். அப்புறம் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடினாலும் வண்டி ஆயில் சாப்பிடும், நீலப் புகை தள்ளும். எஞ்சினைப் பிரிச்சுத் திரும்ப ஹோனிங் போடுறதுதான் வைத்தியம். செலவு? சித்தப்பாகிட்ட சொன்னப்போ டீயைக் கீழே வெச்சுட்டார்.

டாப் கியர்ல திணற விடுறது இன்னொரு ஆபத்து. வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறும்போது ஃபுல் லோடோட இப்படிப் பண்ணினா, பேரிங்ல ஆயில் படலம் மெலிஞ்சு உலோகமும் உலோகமும் உரசும். கியரைக் குறைங்க, சத்தம் வந்தா வரட்டும். முதல் ஆயிரம், ரெண்டாயிரம் கிலோமீட்டர் வரை நடுத்தர லோடு, வேகத்தை ஏத்தி இறக்கி ஓட்டணும். ஒரே வேகத்துல மணிக்கணக்காப் போகக் கூடாது. உங்க புது பைக்குக்கும் இதே கதைதான்!

அந்தக் காலத்துல இங்கிலாந்துல புது கார் பின்னாடி 'ரன்னிங் இன், தயவுசெய்து முந்திச் செல்லவும்'னு போர்டு மாட்டுவாங்களாம். நம்மூர்ல மாட்டினா ஹாரன் அடிச்சே காதைக் கிழிச்சிடுவாங்க.

சரி, ஆயில்? தேய்ஞ்ச இரும்புத்தூள் எங்கே போகும்? ஆயிலுக்குள்ளதான். அதிகமாத் தேயறது ஆரம்பத்துலதான். ஃபில்டர் பெரிய துகளைப் பிடிக்கும், ரொம்பப் பொடிசு தப்பிச்சு திரும்பத் திரும்ப உள்ளே சுத்தும். 'ஐந்நூறு கிலோமீட்டர்ல மாத்து'ன்னு பெரிசுங்க சொல்றது அதனாலதான். கம்பெனி புத்தகம் அதைவிட ரொம்பத் தள்ளிச் சொல்லும். யார் சொல்றது சரி? பெரிசுங்க ஓட்டின காலத்து எஞ்சின்ல கடைசல் வேலை கரடுமுரடு. இப்போ ஹோனிங் மேட்டை ஃபேக்டரியிலேயே பாதி சமன் பண்ணி அனுப்புறாங்க. என் ஓட்டு: புத்தகத்துல போட்டிருக்கிற கிலோமீட்டரைத் தாண்டவே கூடாது. கொஞ்சம் முன்னாடியே மாத்தினா தப்பில்லை. ஆனா அதே கிரேடு ஆயில், பில் கையில. 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்ததுல இருந்து பல டீசல் வண்டியில புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர் இருக்கு. சாம்பல் அதிகம் விடுற ஆயிலை ஊத்தினா அது அடைச்சுக்கும். கடைக்காரர் கையில கிடைச்ச டப்பா வேண்டாம்!

சித்தப்பாவோட பிரச்னை வேற. "சர்வீஸுக்கு விட்டா ஒரு நாள் லோடு போச்சேடா!" முகூர்த்த சீஸன் வேற. தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தார். புத்தகம் சொன்ன கணக்குக்கு இன்னும் நூறு கிலோமீட்டர் கூட இல்லை. மார்கழி பிறந்துச்சு, பனியில மல்லி வரத்து குறைஞ்சுச்சு. நான் காலேஜுக்கு லீவு போட்டுட்டு (அட்டெண்டன்ஸ் 76 சதவிகிதம், ஜஸ்ட் எஸ்கேப்!) அவரை இழுத்துக்கிட்டுப் போனேன்.

மெக்கானிக் அண்ணன் ட்ரெயின் நட்டைக் கழற்றினார். கன்னங்கரேல்னு ஆயில் கொட்டுச்சு. ஒரு சொட்டை விரல்ல தேய்ச்சு வெயில்ல காட்டினார். மினுமினுன்னு ஜரிகைப் பொடி மாதிரி.

சித்தப்பா ரொம்ப நேரம் அந்த விரலையே பார்த்தார். "இதுவாடா உள்ளே சுத்திக்கிட்டு இருந்துச்சு?"

மறுநாள் காலையில மார்க்கெட்டுக்கு நானும் போனேன். மூட்டை ஏத்த ஆரம்பிச்சதும் சாவியைத் திருப்பி எஞ்சினை ஆஃப் பண்ணினார். பக்கத்து வண்டிக்காரர், "என்ன மாப்ள, டீசல் மிச்சமா?"ன்னு கேட்டார். சித்தப்பா என்னைக் கையைக் காட்டி, "இன்ஜினீயர் சொல்லியிருக்கான்"னார்.

அரியர் விஷயத்தை நான் அங்கே சொல்லலை!