இலங்கைச் சுற்றுலாத்துறை: சான்றிதழ் உண்டு, நிலைத்த ஊதியம் உண்டா?

இலங்கைக்கு 2024 ஆம் ஆண்டில் 20 லட்சத்துக்கும் அதிகமான உல்லாசப் பயணிகள் வந்து சென்றனர். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள், கொரோனா பெருந்தொற்று, 2022 பொருளாதார நெருக்கடி என மூன்று அடிகளைத் தாங்கிய சுற்றுலாத்துறை, 2018 இல் எட்டிய 23 லட்சம் என்ற அளவை அவ்வாண்டில் மீண்டும் நெருங்கியது. ஆனால் பயணிகள் திரும்பிய வேகத்தில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் திரும்பவில்லை. நெருக்கடிக் காலத்தில் சமையற்கலைஞர்களும் உணவு பரிமாறுபவர்களும் பெருமளவில் வெளிநாடுகளுக்குச் சென்றிருந்தனர்.

வெளியேறுவதற்கு அவர்களில் பலருக்குக் கைகொடுத்தது தொழில் தகைமைச் சான்றிதழே. 2000களின் நடுப்பகுதியில் நடைமுறைக்கு வந்த தேசிய தொழில் தகைமை முறைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. முதல் நான்கு மட்டங்களுக்குச் சான்றிதழும், அடுத்த இரண்டுக்கு டிப்ளோமாவும் வழங்கப்படுகின்றன. ஏழாவது மட்டம் பட்டத்துக்கு இணையானது. பல ஆண்டுகள் சமையலறையில் உழைத்தவர், வகுப்பறைக்குச் செல்லாமலேயே, மதிப்பீட்டாளர் முன்னிலையில் தனது திறனைச் செய்துகாட்டிச் சான்றிதழ் பெறவும் இதில் வழியுண்டு. சாதாரண தரப் பரீட்சையுடன் கல்வியைக் கைவிட்டவர்களுக்கு இது பெரும் வாய்ப்பாகும்.

ஆயினும், சான்றிதழின் மட்டம் உயர்ந்தால் சம்பளமும் உயரும் என்ற உத்தரவாதம் உள்நாட்டில் இல்லை. ஹோட்டல் ஊழியரின் வருமானத்தில் கணிசமான பங்கு, வாடிக்கையாளரின் கட்டணத்துடன் அறவிடப்படும் 10 சதவீத சேவைக் கட்டணத்திலிருந்தே கிடைக்கிறது. பயணிகள் வராத மாதத்தில் அந்தப் பங்கும் வராது. 2019 முதல் 2022 வரை நடந்தது இதுவே.

போருக்குப் பின்னர் புதிய ஹோட்டல்கள் எழுந்த மட்டக்களப்பு மாவட்டத்தின் பாசிக்குடா போன்ற பகுதிகளில் இந்தக் கேள்வி மேலும் கூர்மையடைகிறது. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் பேசத் தெரியாத தமிழ் பேசும் இளைஞர்களுக்கு, வாடிக்கையாளருடன் பழகும் பணிகளும் அவற்றிலிருந்து கிடைக்கும் பதவி உயர்வும் எட்டாமல் போகக்கூடும். ஹோட்டல் வேலை மீதான சமூகத்தின் தயக்கத்தால் பெண்களின் பங்கும் மிகக் குறைவாகவே உள்ளது.

ஆகவே, பயிற்சி நிலையங்களின் எண்ணிக்கையை அதிகரிப்பது மட்டும் போதுமானதல்ல. மொழிப் பயிற்சியும், தகைமை மட்டத்துக்கு ஏற்ற அடிப்படைச் சம்பளமும் இல்லாதவரை, இலங்கை தனது செலவில் பயிற்றுவிப்பது பிறநாட்டு ஹோட்டல்களுக்கான பணியாளர்களையே.